ஜிலேபிக் கெண்டை

மருமகன் ஜலாலுக்குக் கப்பலில் மின்சார வேலை.
சூயஸ் வாசலில் ஆறு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது
கரைக் கடையில் வாங்கினானாம்,
உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன், சாம்பல் கல்லில்.
நகல்தான் மாமி,
அசலெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் என்றான்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை.
அதன் வழியே பார்த்தேன்:
பெரியபட்டினத்துக் கடல்
ஒரு துவரம்பருப்பு அளவு.

பூண்டு நசுக்கவா என்று கேட்டேன்.
சிரித்தான்.
எகிப்தில், ராஜாக்களுக்கெல்லாம் முந்தின ஆட்கள்
பச்சைக் கல்லை இதில் இழைத்துக்
கண்ணோரம் தீட்டிக்கொண்டார்களாம்,
ஆணும் பெண்ணும்.
ஆமை உருவில் உண்டு, பறவை உண்டு, நீர்யானைகூட.
மவுத்தானால் கையருகே வைத்துப் புதைப்பார்களாம்.

எனக்கு அந்த மீனைத் தெரியும்.
நம் ஊருணியில் சீந்துவாரில்லாமல் துள்ளுகிற
ஜிலேபிக் கெண்டை.
பாறையும் ஊளியும் தின்று வளர்ந்த நாக்கு
சேற்று வாடை என்று துப்பிவிடும்.

இருபத்திரண்டு வருஷமாக
மய்யித்துக் குளிப்பாட்டுகிறேன்.
பெண்ணுக்கு ஐந்து துணி, கற்பூரம்,
இமையோரம் சுருமா.
விரலில் இறுகிய மோதிரத்தைக்கூட
சவுக்காரம் போட்டுக் கழற்றி
வீட்டாரிடம் எண்ணிக் கொடுத்துவிடுவேன்.
போகிற இடத்திலும்
விடிந்தால் உட்கார்ந்து இழைக்க வேண்டும் என்று
கல்லையும் கட்டி அனுப்பினார்களே,
பாவம் என்றிருந்தது.

கச்சான் ஓலைகளைக் கிழித்த ஒரு வெள்ளிக்கிழமை
முத்துக்கனி மவுத்து.

பதினோரு வருஷம் பேச்சில்லை எங்களுக்குள்.
நாலு பவுன் சங்கிலி காணோம் என்று
ஒரு நிக்காஹ் பந்தலில், அத்தனை பேர் முன்னால்,
அவள் மடியை உதறச் சொன்னேன்.
உதறினாள்.
ஆறாம் மாசம்
கொட்டானின் அடி மடிப்பில் கிடைத்தது சங்கிலி.
யாரிடமும் சொல்லவில்லை.
அவளிடமும்.

குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும்
ஊருணிக் கெண்டை.
அதுவரை இரை எடுக்காது.
பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள்.
பிறகு திறந்துவிடும்.

அன்றைக்குப் பொடித்த சுருமா தீர்ந்திருந்தது.
ஒரு கட்டி மட்டும் இருந்தது.
மீன்கல்லில் வைத்துப் பன்னீர் நாலு சொட்டு விட்டு
வட்டமாக இழைத்தேன்.
நைசான பிறகும் இழைத்தேன்.
நேரமாகுது லாத்தா என்றார்கள் வெளியே.

இடது இமையை விரலால் லேசாகத் தூக்கினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து,
காதோரம்,
கிடைச்சிருச்சு முத்து என்றேன்.

என்ன கிடைச்சிருச்சு என்று கேட்டாள்
கபன் துணியை விரித்துக்கொண்டிருந்த பெண்.

சுருமாக்குச்சி என்றேன்.