தவிட்டுச் சூடு

புதுவயல் போகும் வழி முழுக்க
சித்திரை வெயில்தான் ஸ்கூட்டி ஓட்டியது.
பின்னால் உட்கார்ந்து வந்தேன் நான்.
பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயிண்ட் பிரஷ்,
ஊசிக்குழலில் சாம்பல் நிறப் பசை,
தீப்பெட்டி கனம்கூட இல்லாத எஸ்எஸ்டி.

சாத்தப்பன் மில்லில் நெல் அவியும் வாசம்.
ஆபீஸ் அறைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயும்
தவிடு வந்து உட்கார்ந்திருந்தது,
சம்பளம் வாங்காத ஆள் மாதிரி.

"பதினெட்டாயிரம் போட்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேம்மா.
மதுரை மாப்பிள்ளை சொன்னார்.
அப்பவும் ஊர்ந்துதான் போகுது.
மெஷின்ல குறையில்லை, ஆள்தான் மெதுவு"
என்று சகாயராணியைப் பார்த்தார்.
அவள் பார்க்கவில்லை.
லாரி எடைச் சீட்டுகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.
கணக்குப் புத்தகம் திறக்க
ஆறு நிமிடம் நாற்பது விநாடி.
அதற்குள் ஒரு லாரி எடைமேடையில் ஏறி இறங்கிப்
பிள்ளையார்பட்டி ரோட்டுக்கே போயிருக்கும்.

மூடியைக் கழற்றினால்
உள்ளே ஒரு குட்டிக் களத்துமேடு.
விசிறி சுற்றுகிறது, காற்று போகவில்லை.
அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம்
கம்பளி நெய்து வைத்திருக்கிறது தவிடு.
தொண்ணூற்றெட்டு டிகிரி.
விநாடிக்கு முந்நூற்றறுபது கோடி முறை துடிக்க வேண்டிய பிராசசர்
எண்பது கோடியில் மூச்சை அடக்கிக் கிடந்தது.
பழுதில்லை இது.
எரிந்துபோகாமல் இருக்கத்
தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது.
மனுஷி செய்தால் இதற்குச் சோம்பல் என்று பெயர்.

புதுக் கார்டு? அது பாவம்,
படம் வரையத் தெரிந்த விருந்தாளி.
மூட்டைக் கணக்கு எழுதும் வீட்டில்
சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருந்தது.
ராம் ஒற்றைத் துண்டு, பக்கத்து இடம் காலி.
ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்தேன்.
டிக். டிக். கர்ர்ர்.
சுழலும் தட்டின் மேல் ஒரு முனை ஓடி ஓடி
நாலு வருஷத்துக்கு முந்தைய கொள்முதலைத் தேடுகிறது.
மற்ற எல்லாம் அதன் பின்னால் வரிசையில்.

"அய்யா, நெல் தூக்கும் எலிவேட்டர் தேய்ஞ்சு கிடக்கு.
நீங்க அரவை ரோலரைப் புதுசா மாத்தினா
அரிசி கூடுமா?"

சாத்தப்பன் வாயைத் திறந்தார், மூடினார்.
பிறகு கம்ப்ரசர் பைப்பை அவரே இழுத்து வந்து கொடுத்தார்.

முற்றத்து வெயிலில்
விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன்.
மஞ்சள் மேகம்.
எங்கிருந்தோ ஒரு கோழி ஓடி வந்து
பிராசசரின் காய்ச்சலைக் கொத்திப் பார்த்தது.

பழைய பசையைத் துடைத்தேன்.
"புதுசு எவ்வளவு வைக்கணும்?"
சகாயராணியின் முதல் பேச்சு.
"ஒரு அரிசி அளவு."
"சீரகச் சம்பாவா, குண்டா?"
சிரித்ததில் கை ஆடி
கொஞ்சம் குண்டாகவே விழுந்துவிட்டது.

தகவலெல்லாம் எஸ்எஸ்டிக்கு மாற, இரண்டாவது ராம் அமர,
மதியச் சங்கு ஊதிவிட்டது.
மறுபடி பொத்தான்.
பத்தொன்பது விநாடி. அறுபத்தொரு டிகிரி.
சாத்தப்பன் மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.
பில்லில் கூலி நானூறு என்று கண்டதும்
"தூசி தட்டினதுக்கா?" என்றார், ஆனால் கொடுத்தார்.
சகாயராணியிடம் எதுவும் சொல்லவில்லை.
மூன்று மாதமாகச் சொன்னதைத்
திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

கேட் வரை வந்தாள்.
"அக்கா, அந்த ஆறு நிமிஷம் இனி வராதா?"

"வராது. ஏன்?"

"இல்ல,
காலைல அதுலதான் சாப்பிடுவேன்."

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
அவள் பின்னால், கண்ணாடிக்கு அப்பால்,
மேசையில் மூடி திறக்காத டிபன் டப்பா.
பக்கத்தில் திரை,
எல்லாம் தயார் என்று
வெளிச்சமாய்க் காத்திருந்தது.