விலகும் உரிமை

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில்
பஸ் கண்ணாடியில் கடலும் என் முகமும்
மாறி மாறி.
மடியில் நாற்பது வினாத்தாள்.
ஆய்வு முன்மொழிவின் பதினோராம் பக்கத்தில்
மேற்பார்வையாளரின் சிவப்பு மை:
‘சமூகம் என்கிறீர்கள். எது? வரையறுக்கவும்.’

வற்று எட்டரைக்கு.
முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிறா றிபாயா.
மட்டி எந்த இடத்தில் மூச்சு விடுகிறதென்று
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
நான் கரையில்
செருப்பைக் கையில் பிடித்தபடி
சம்மதப் படிவத்தை உரக்க வாசிக்கிறேன்:
‘காரணம் எதுவும் கூறாமல்
எந்நேரமும் எவ்வித இழப்புமின்றி
நீங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்.’

நிமிர்ந்தா. சிரித்தா.
அடுத்த குழியில் நின்றவளுக்கும் சொல்லிச் சிரித்தா.
“இறால் பண்ணைக்காரனுக்கும் இத
வாசிச்சுக் காட்டினீங்களா புள்ள?
கண்டல வெட்டக்குள்ள எங்களிட்ட
ஒருத்தரும் ஒரு கடுதாசியும் நீட்டல்லயே.
விலகலாமாம்.
எங்க விலக? அங்கால கம்பிவேலி,
இங்கால தண்ணி.”

கேள்வி பதினான்கு:
கடந்த ஏழு நாட்களில் உங்கள் வீட்டில்
உணவின் அளவைக் குறைத்தீர்களா?
“ஆருக்கு?”
வீட்டுக்கு, என்றேன்.
“வீடு சோறு தின்னுமா?
மனுசனுக்குக் குறைக்கல்ல. பொடியனுக்குக் குறைக்கல்ல.”
அதற்கு மேல் சொல்லவில்லை.
வீடொன்றுக்கு ஒரு கட்டம்தான்
அச்சடித்திருந்தோம்.
நான் அதன் ஓரத்தில்
பென்சிலால் இன்னொரு கட்டம் வரைந்தேன்,
கோணலாக.

இரவு உப்புவெளியில், வாடகை அறையில்
எண்களை ஏற்றுகிறேன்.
தெரியாது என்றால் எண்பத்தெட்டு.
பதிலில்லை என்றால் தொண்ணூற்றொன்பது.
சிரித்தா என்பதற்கு எண் இல்லை.
அவவின் பெருவிரல் சேறு
‘எவ்வித இழப்புமின்றி’ என்ற வரிமேல்
காய்ந்து வெடித்திருக்கிறது.
சுரண்டினால் எழுத்தும் போய்விடும்.

பங்குபற்றுவோரிடம்
அன்பளிப்புப் பெறலாகாது, நெறிமுறை விதி ஆறு.
எனக்கு மனப்பாடம்.
ஆனாலும் ஷொப்பிங் பையில் அரைக் கிலோ
பஸ் வரைக்கும் கூடவே வந்து தந்துவிட்டா.
அத்தனையும் விற்கிற கை.
அவவின் வீட்டில் அன்று என்ன கறியென்று
நான் கேட்கவில்லை.

வாளிக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து
மணலைத் துப்புகின்றன.
அறைத்தோழி யசோமதி எட்டிப் பார்த்து
இதுக்கு எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்,
கடல் தண்ணியா, உப்புப் போட்ட தண்ணியா
என்கிறாள்.
எனக்குத் தெரியாது.
இரண்டு வருடம் படித்த பாடம்.
நாளைக்குக் கேட்கவேண்டும்,
வினாத்தாளை எடுக்காமல் போய்.