சுத்தியல் தட்டும் சத்தம்

அக்டோபர் கடைசி.
பொனவிஸ்டா சாலைக்கு
உப்பு லாரிகள் இன்னும் வரவில்லை.
அட்டையை விரித்து, பிக்கப்புக்கு அடியில்
மல்லாந்து கிடக்கிறாள் வெர்னா.

"அடியெல்லாம் புத்தம் புதுசு" என்றுதான்
ஆம்ப்ரோஸ் விற்றான்.
கறுப்பு ரப்பர் பூச்சு. நல்ல பளபளப்பு.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறாள்.
ணங்.
ணங்.
ணங்.
பின்சக்கரத்துப் பக்கம்
பொத்.

கம்பித் தூரிகை பட்டதும்
தோலாய் உரிந்து வருகிறது பூச்சு.
உள்ளே ஈரம்,
யார் யாரோ ஓட்டிய பனிக்காலங்களின் உப்பு,
விரல் வைத்தால் அப்பளமாய் நொறுங்கும் சட்டம்.
உதட்டில் விழுந்த துருவைத் துப்புகிறாள்.
ரத்த ருசி.

ஆம்ப்ரோஸின் எண்ணைத் தேடி எடுத்தவள்
போனைக் கீழே வைத்துவிட்டாள்.
போன வருஷம்
அவன் தம்பிக்கு அவள் விற்ற படகிலும்
புது வெள்ளைப் பெயின்டுக்கு அடியில்
ஒரு பலகை இருந்தது.

வெல்டர் ஹெட்லிக்கு வியாழன்தான் ஒழியுமாம்.
அதுவரை
மிச்சம் நல்லதாய் நிற்கும் இரும்புக்கெல்லாம்
எண்ணெய் பீய்ச்சுகிறாள்.
இது காயாது. எதையும் மூடாது.
இடுக்கு இடுக்காய் ஊறிப் போய்
மறுபக்கம் சொட்டும்.

வாசலெல்லாம் கறையாகும்,
பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

தம்பிக்காரன் இன்னும் படகைப் பற்றி
ஒன்றும் கேட்கவில்லை.