ஐந்துக்கு ஐந்து

ஒரு படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
செல்லும் படிவத்துக்கு மட்டும்.
முதல் நாளே சொல்லிவிட்டார் பேராசிரியர் ஜெசிந்தா.
சந்தையியலில் அவருக்கு இருபது வருடம்,
காசிமேட்டில் எனக்கு இருபத்திரண்டு.

விலை வேறு, மதிப்பு வேறு என்பது ஆய்வு.
விலை வாயில் இருக்கும்.
மதிப்பு தலைக்குள் இருக்கும்.
தலைக்குள் இருப்பதை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வாங்கி வர
விடிகாலை நான்கு மணிக்கு
ஏலக்கூடத்து வாசலில் நின்றேன்,
காலடியில் ஐஸ் தண்ணீர்.

தேசம்மாவிடம் இரண்டு கூறு வைத்தோம்.
ஒரே படகு, ஒரே வலை, ஒரே சங்கரா.
ஒன்று எவர்சில்வர் தட்டில், ஐஸ் மேல்.
இன்னொன்று கிழிந்த சாக்கில்.
பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர்கள்கூட
சாக்குப் பக்கமே குனிந்தார்கள்.
"தட்டுல இருக்கறது நேத்து மீனு.
இல்லன்னா எதுக்கு இவ்ளோ ஜோடிப்பு?"
பேராசிரியரின் கருதுகோள்
அங்கேயே லேசாக நாறத் தொடங்கியது.

இரண்டுக்கும் முந்நூறு சொல்ல வேண்டும்,
குறைக்கக் கூடாது என்பது ஏற்பாடு.
தேசம்மா நானூறு சொல்லி
முந்நூறுக்கு இறங்கினாள்.
ஏன்க்கா என்றேன்.
"எறக்காம குடுத்தா
வாங்கினவளுக்குத் தூக்கம் வராது கண்ணு."
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
ஓரத்தில் எழுதினேன். செதில் ஒட்டிக் காய்ந்தது.

கேள்வி ஏழு:
கொடுத்த பணத்துக்கு இந்த மீன் தகுமா?
கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா,
நூறு ரூபாய்க்குக் கவலை,
பையில் போட்டு முடிச்சும் போட்டாயிற்று.
படிவத்தைப் படிக்கவில்லை.
என் முகத்தைப் படித்தார்.
"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கோமா.
எவ்ளோ நேரந்தான் வெயில்ல நிப்ப.
டீ குடிச்சியா?"
பின்னால் நின்றவரும் அஞ்சு.
அவர் மச்சானும் அஞ்சு.
அன்று அப்படிப் பத்தொன்பது பேர்.

கல்லூரிக் கணினியில்
பத்தொன்பதும் நேர்கோடுகளாக விழுந்தன.
யோசிக்காமல் போட்டவை என்று அவற்றுக்குப் பெயர்.
நீக்கம்.
எழுநூற்று அறுபது ரூபாய்,
என்மேல் இரக்கப்பட்டவர்களால்
எனக்கு ஆன நஷ்டம்.

"இவங்க யோசிச்சாங்க மேடம்,
மீனப் பத்தி இல்ல, அவ்ளோதான்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் வெகுநேரம் துடைத்தார்.
"தெரியும்.
அதுக்கு என்கிட்ட கட்டம் இல்லை."

வேலை முடிந்த நாள்
எனக்கே ஒரு படிவம் நீட்டினார்.
ஆய்வு உதவியாளர் கருத்து. பெயர் வேண்டாம்.
ஊதியம் நியாயமானதா?
வேலை நேரம் வசதியானதா?
மேற்பார்வையாளர் உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டாரா?

பேனாவைத் திறந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.
பதவி உயர்வு மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது என்று
அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.
நான்கு மணிக்கு எழுந்து எழுந்து
கண்ணுக்கடியில் கருத்திருந்தது.
செருப்பு வாரில் இன்னும் ஒரு செதில்.

ஐந்து.
ஐந்து.
யோசித்தேன், ஐந்து.
கடைசிவரை ஐந்து.

வாங்கிப் பார்த்தார்.
நேர்கோடு அவருக்குத் தெரியும்.