மிச்சருக்கு ஒரு டப்பா

முதலில் டப்பா.
பிஸ்கட் டின் துருப்பிடிக்கும்,
ஐஸ்கிரீம் டப்பா வெயிலில் நெளிந்துவிடும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஐலெட் வந்து காலியான நீலப் பெட்டி ஒன்றை
சூப்பர்வைசர் புஷ்பநாதனிடம் கேட்டு வாங்கினேன்.
"எதுக்கும்மா?"
"மலைக்குப் போக சார்."
நாய்க்கு என்றால் தந்திருக்க மாட்டார்.

பாலமதி ஏறுகிறவர்களுக்குத் தெரியும்,
சித்திரையில் எங்கள் பாறை தோசைக்கல்லுக்கு அக்கா.
புறங்கையை வைத்து ஏழு எண்ண வேண்டும்.
நாலில் சுட்டால் திரும்பி இறங்கிவிட வேண்டும்.
இதற்கு டப்பாவில் இடம் தேவையில்லை.

போன மாசியில் டப்பாவே இல்லை.
பீர் பாட்டில் சில்லு,
முன்னங்கால் பஞ்சில் குறுக்காக.
கையில் தண்ணீரும் போனும்.
போனில் டவர் இல்லை.
சில்லைப் பிடுங்கக் குனிந்த என்னை,
ஆறு வருடமாக என் தட்டில் மீன்தலை தின்ற மிச்சர்
கடித்தது.
கடித்துவிட்டு அந்த இடத்தையே நக்கியது.
துப்பட்டாவைக் கிழித்து
பாதி அதற்கு, பாதி எனக்கு.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர் கேட்டார்:
"தெரு நாயா?"
"வீட்டு நாய்தான்."
"அப்புறம் ஏன் கடிச்சுது?"
"வலிச்சுது."
அவர் சீட்டில் அடுத்த தேதியை எழுதினார்.

அதனால் டப்பாவில் முதலில் போனது
இரண்டு முழம் பருத்தி நாடா.
மூக்கைச் சுற்றி, தாடைக்கு அடியில் மாற்றி,
காதுக்குப் பின்னால் அவிழ்கிற முடிச்சு.
மூச்சு இரைத்தால், வாந்தி எடுத்தால்
கட்டவே கூடாது.

பிறகு சலைன் பாட்டில், காஸ் துணி,
முடியில் ஒட்டாத சுற்றுக்கட்டு,
முனை மழுங்கிய கத்தரி.
சீமைக்கருவேல முள்ளுக்கும்
காது மடலில் பதுங்கும் உண்ணிக்கும்
ஒரே இடுக்கி
(நூல் பிடுங்க வைத்திருந்தது; கம்பெனிக்குத் தெரியாது).
ஆட்டுத்தோல் லைனிங் துண்டில் நாலு குட்டி ஷூ தைத்தேன்.
மூன்றை முதல் வளைவிலேயே உதறிவிட்டது.
ஒன்று மட்டும் இருக்கிறது,
எந்தக் காலுக்கென்று தெரியாமல்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் விழுங்குகிற மாத்திரை
அதற்கு ஆகாது. வைக்கவில்லை.
பாம்புக்கும் ஒன்றும் வைக்கவில்லை.
கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நடக்கவிடாதே,
தூக்கிக்கொண்டு ஓடு
என்றார் கால்நடை டாக்டர்.
தூக்குவதற்கு ஒரு பழைய போர்வை.

இத்தனையும் சுமந்து நாலு ஞாயிறு ஏறினோம்.
ஒரு கீறல் இல்லை.
ஐந்தாம் ஞாயிறு, மேலிருந்து அலறல்.
காகிதப்பட்டறைப் பையன்கள் நாலு பேர்.
ஒருவன் பாறையில் உட்கார்ந்து
குதிகாலைக் கையில் பிடித்திருந்தான்.
அதே பழுப்புச் சில்லு.
"அக்கா, இது நாய் மருந்தா?"
"உப்புத் தண்ணிடா."
"நாய்க் கட்டா?"
"காலுக்குக் கட்டு."
சலைன் முழுசும் போனது, காஸ் முழுசும் போனது.
கத்திக்கொண்டே இருந்தான்.
பருத்தி நாடாவை ஒரு தடவை பார்த்தேன்.
இன்னொரு தடவையும் பார்த்தேன்.

பாட்டில் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
மிச்சர்தான் ஒவ்வொருவன் கையாக மோந்து பார்த்தது.
மற்ற மூன்று பேரும்
குனிந்து சில்லு பொறுக்க ஆரம்பித்தார்கள்.
போர்வையில் ஆளுக்கொரு முனை பிடித்து
அவனை ஓட்டேரி வரைக்கும் இறக்கினோம்.
நாலாவது முனை என்னுடையது.
மிச்சர் முன்னால் போனது,
வளைவுக்கு வளைவு நின்று திரும்பிப் பார்த்து.

நேற்று பாகாயம் மெடிக்கலில்
எல்லாவற்றையும் மறுபடி வாங்கினேன்,
காஸ் மட்டும் இரண்டு மடங்கு.
வரும் வழியில் பழைய பேப்பர் கடைத் தராசில்
மிச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
எழுபத்தொன்று.
இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.
ஐம்பத்துநாலு.
"எதை விக்கிறே?" என்றார் கடைக்காரர்.
டாக்டர் நம்பருக்குக் கீழே
மூடியின் உள்பக்கம் எழுதிவைத்தேன்:
மிச்சர், பதினேழு கிலோ.
தூக்க முடியும்.