கீழே யார்

கனகபுரா சாலையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர்.
காவலாளி முதலில் என் பூட்ஸைத்தான் பார்த்தார்.
படகு சவாரிக்கு வந்தவன் இல்லை என்று தெரிந்ததும்
பதிவேட்டில் 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

அணை என்றால் கிளப்பில் யாரும் ஒப்புவதில்லை.
லேக் என்கிறார்கள்.
மண்கரை. உயரம் ஒன்பது மீட்டர்.
நீளம் இருநூற்றுப் பத்து, டேப் சுருண்டதால் தோராயம்.
பெள்ளியப்பாவின் அப்பா எண்பத்தொன்றில்
காபித் தோட்டம் விற்ற காசில் போட்டது.
வரைபடம் கேட்டேன்.
அது அப்பாவின் தலைக்குள் இருந்தது என்றார்,
சிரிக்காமல்.

கரைமேல் சில்வர் ஓக் பதினேழு.
வேர்கள் எதைப் பிடித்திருக்கின்றன, எதைத் தளர்த்துகின்றன,
வெளியிலிருந்து சொல்ல முடியாது.
ஒரு கரையான் புற்று.
நான் அபாயம் என்று குறித்துக்கொண்டதற்கு
யாரோ மஞ்சள் பூசிக் கும்பிட்டிருந்தார்கள்.
கலிங்கின் குறுக்கே வலை,
மீன் தப்பிவிடக் கூடாதாம்.
வலைக்கு மேல் இரண்டு பலகை,
ஓரடி கூடுதல் தண்ணீருக்கு.
அந்த ஓரடி இல்லாவிட்டால்
அன்னப் படகுகள் தரை தட்டும்.
ஆறு அன்னங்கள். ஒன்றின் கழுத்தில் விரிசல்.
அதை மட்டும் உடனே ஒட்டியிருந்தார்கள்.

படிவத்தின் ஏழாம் பக்கம், அபாய வகை:
தாழ்வு, நடுத்தரம், உயர்வு.
அணை எப்படி இருக்கிறது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.
உடைந்தால் கீழே யார் என்று கேட்கிறது.
இரும்பாக நிற்கும் அணையும்
கீழே ஊர் இருந்தால் உயர்வு.
ஓட்டை அணையும்
கீழே கள்ளிக்காடு மட்டும் என்றால் தாழ்வு.
நரிகளைப் பற்றிக் குறிப்பு இல்லை.

பத்து வருஷம் முன்னால் இங்கே 'தாழ்வு' எழுதியவர்
பொய் சொல்லவில்லை.
அப்போது கீழே ராகிக் கொல்லை.
இப்போது தகரக் கொட்டகைகள், எண்ணினேன், நாற்பத்து மூன்று.
எதிரே எழும் இருபத்திரண்டு மாடிக்குக் கல் சுமக்கிறவர்கள்.
ராய்ச்சூர், மால்டா, அரூர்.
அணை ஓர் அங்குலம் அசையவில்லை.
வகை மாறிவிட்டது.

அடிக்கரையில் பச்சையாய் ஓர் ஈரத் திட்டு.
கசிவு என்று எழுதினேன்.
அங்கே துவைத்துக்கொண்டிருந்த மாதம்மாள்
ஊத்து என்றார்.
"சித்திரையிலும் வத்தாது சார்.
டேங்கர்காரனுக்குத் தண்டம் அழ வேண்டாம்."
பிறகு, நான் கேட்காமலே,
"பத்து நாளாத்தான் கலங்கலா வருது.
புள்ள சட்டையப் பாருங்க."
விரித்துக் காட்டினார்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
முதுகு முழுக்கச் செம்மண்.

கசியாத மண் அணை உலகத்தில் இல்லை.
தெளிவாகக் கசிந்தால் அளந்துகொண்டிருக்கலாம்.
கலங்கிக் கசிந்தால்
அணை தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக
வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது.
என் கருவிப் பெட்டியில் எதுவும்
அதைச் சொல்லியிருக்கவில்லை.

பலகையை எடுங்கள், இன்றே.
வலையை அறுங்கள்.
தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கட்டும் என்றேன்.
சனி ஞாயிறு புக்கிங் இருக்கிறதே என்றார் பெள்ளியப்பா.
காபி வந்தது. நல்ல காபி.
பாதியில் கேட்டார்,
உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு:
"அந்தக் கொட்டகைகளைக் காலி செய்ய வைத்தால்
மறுபடி தாழ்வு ஆகிவிடும், இல்லையா?"

ஆகிவிடும்.
கணக்கு அப்படித்தான்.
நான் தலையாட்டவில்லை என்று எழுத ஆசை.
ஆட்டினேன்.

'உயர்வு' என்று எழுதி, தேதி, நேரம் போட்டு
படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
திரும்பிப் போய் மாதம்மாளிடம்
ராத்திரி எல்லாரும் மேட்டில் படுங்கள் என்றேன்.
மேடு எது சார், என்றார்.
சுற்றிப் பார்த்தேன்.
கரையை விட்டால்
அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு மாடி.
ஆறு மணிக்கு மேல் அதன் கேட் பூட்டு.

ஊற்றில் ஒரு பாட்டில் பிடித்து வந்திருந்தேன்.
பனசங்கரி சிக்னலில் மூன்றாவது சிவப்பு.
டேஷ்போர்டு மேல்
அடியில் நகக்கண் கனத்துக்கு மண் படிந்திருந்தது.
அதற்கு மேலே தண்ணீர் தெளிந்து
குடிக்கலாம்போல் இருந்தது.