சாயம் போகும் சோதனை

மெடானிலிருந்து மாலெம் கின்டிங்
வருசத்துக்கு ரெண்டு தடவை திருப்பூர் வருவான்,
எருமைக்கொம்புப் பட்டன் மாதிரிகளோடு.
பட்டன் வாங்குவது முதலாளி.
துணியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று
கையெழுத்துப் போடுவது நான்.
அது முடிந்த பின்
பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுப்பான்.

அப்படிச் சேர்ந்தவை ஆறு.
மூங்கில் சுண்ணாம்புக் குழல்,
அதன்மேல் கத்திமுனையால் கீறிய பத்தாக் எழுத்து,
எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.
சங்கிலி கோத்த பாக்குவெட்டி.
தாழை ஓலையில் முடைந்த வெற்றிலைப் பை.
கம்பில் என்பான் அதை.
சம்பந்தம் பேச வந்தால் முதலில் பையை நீட்டுவார்களாம்,
எதிராள் ஒரு வாய் போட்ட பிறகுதான் பேச்சு.
எங்களுக்கும் அப்படித்தானுங்க, என்றேன்.
தட்டில் வெற்றிலை ஏறாமல்
இந்தப் பக்கம் எந்தக் கலியாணம் நடந்திருக்கிறது?

சுண்ணாம்பு டப்பிக்கு எட்டாயிரமுங்களா,
நீங்க வெத்தலையே போடறதில்லையே,
என்பாள் மேகலை.
சாயப்பட்டறை லேபில் இருபது வருசம்.
சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பைக் கொட்டியே பழக்கம்.
இலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை.
மூன்றில் எதிலும் இல்லாதது வாய்க்குள் வருகிறது.
காரம் செய்யும் வேலை அது, கணக்கு எனக்குத் தெரியும்.
தெரிந்தும் வாங்கினேன்.

ஆறாவது, கொம்பு டப்பி.
மூடியில் ஒரு முகம்,
சிங்கமென்றால் சிங்கம், பல்லியென்றால் பல்லி.
ஒரு ராத்திரி, துணிக்குச் செய்வதையே செய்தேன்:
பஞ்சில் தண்ணீர். ஒன்றுமில்லை.
பஞ்சில் மண்ணெண்ணெய். பஞ்சு பழுத்தது.
மோந்தேன்.
பள்ளிக்கூடத்துத் திங்கட்கிழமை வாசம்.
ஷூ பாலிஷ்.
நோட்டில் எழுதினேன்: ஆறு. சாயம் நிற்காது.

ஐப்பசி மழையில் வந்தான்.
எவர்சில்வர் தட்டில் வேலூர் வெற்றிலை,
கொட்டைப்பாக்கு, அஞ்சு ரூபாய்ச் சுண்ணாம்பு,
நடுவில் டப்பி, பக்கத்தில் அந்தப் பஞ்சு.
பஞ்சைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு இலையின் காம்பைக் கிள்ளினான்,
முதுகில் சுண்ணாம்பு தடவி மடித்து
எனக்கு நீட்டினான்.
முதல் தடவை. காது சுட்டது,
நெற்றி வேர்த்தது, பேச முடியவில்லை.
அவனும் மென்று முடிக்கும்வரை பேசவில்லை.

பிறகு, பாதி இங்கிலீஷ் பாதி கையில், சொன்னான்:
மற்ற ஐந்தும் ஆர்டர் கொடுத்துச் செய்தது.
மண்ணில் புதைத்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டு
வயசு ஏற்றியது.
இது மட்டும் என் சின்னம்மாவுடையது.
அக்கா கலியாணத்துக்கு
இப்படிப் பழசாத் தெரியுதே என்று
அவளே பாலிஷ் போட்டுத் தேய்த்தாள்.

அப்புறம் ஏன் விற்றாய் என்று நான் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் பட்டன் குரோஸ் என்ன விலையென்று
இருவருக்கும் தெரியும்.

வாஷ்பேசினில் துப்பினேன்.
வெள்ளையில் விழுந்ததைத் துணித்துண்டில் ஒற்றி
விளக்குப் பெட்டியில் வைத்து அட்டையோடு பார்த்தேன்.
இரண்டு நம்பருக்கு நடுவில் நின்றது.
அவன் பொய்கூடச் சொல்லியிருக்கலாம்.
நோட்டில் ‘நிற்காது’வை அடித்தேன்,
பதிலுக்கு எதுவும் எழுத வரவில்லை.

மேஜையில் அவன் பட்டன்கள் காத்திருந்தன.
ஓகே போட்டேன்.
நிறம் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.